கொப்பரையும் சல்லடையும்

சாப்பிட உட்காரும் முன் அறைக் கதவை மூடிக்கொள்வேன். மேசையில் கிண்ணம், சிறிய கரண்டி, கைக்கண்ணாடி, ஈரத் துணி. இந்த வரிசை கலைந்தால் எனக்குப் பதற்றம் வந்துவிடும். கரண்டியை நாக்கின் இடது பக்கம், கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். தலையை இடது தோள் பக்கம் சாய்க்க வேண்டும். மூச்சை இழுத்து நிறுத்த வேண்டும். விழுங்க வேண்டும். மூச்சை விடும் முன்பே ஒரு இருமல், உடனே இன்னொரு விழுங்கல். அதன் பிறகுதான் மூச்சு. ஒவ்வொரு கரண்டிக்கும் இதே.

வலது பக்கம் இருப்பது என் நாக்கு இல்லை. என் முன்கையின் தோல். வசந்த காலத்தில் புற்று வந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். அதற்குச் சூடு தெரியாது, ருசி தெரியாது. மேலே உருளைக்கிழங்கு மசியல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. அதனால்தான் கண்ணாடி. சாப்பிட்டு முடித்ததும் வாயைத் திறந்து பார்த்து, ஒட்டியிருப்பதைத் துணியால் வழித்து எடுப்பேன். இதை ஒருவர் முன்னால் உட்கார்ந்து எப்படிச் செய்வது?

மருத்துவமனையில் விழுங்கப் பயிற்சி கொடுத்த பெண் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "கெட்டியா இருக்கிறது உன் பிரெண்டு. தண்ணியா இருக்கிறதுதான் ஆபத்து. அதவிட மோசம், தண்ணியில ஏதாவது மிதக்கிறது." அதைக் கேட்டபோது எனக்கு உடனே நினைவு வந்தது அப்பாவின் மீன் சூப். மெல்லிய சிவப்புத் தண்ணீர், அதில் தீக்குச்சி போல் மெலிந்த சேமியா, நடுவே முள்ளோடு கெண்டைத் துண்டு. அவள் சொன்ன எல்லா ஆபத்தும் ஒரே தட்டில்.

நான் இருப்பது பொயா. டான்யூப் கரையில் இருக்கும் இந்த ஊரில் மீன் சூப்பை வீட்டுக்குள் வைப்பவர்கள் குறைவு. முற்றத்தில் விறகு மூட்டி, உயரமான இரும்பு முக்காலியில் கொப்பரை என்னும் பெரிய சட்டியைத் தொங்கவிட்டு, ஆண்கள் வைப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுவார்கள். கரண்டி விட்டுக் கிளறக் கூடாது, மீன் உடைந்துவிடும். கொப்பரையின் கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். என் அப்பா ஒடொன் துறைமுகத்தில் பளுதூக்கி, அதாவது கிரேன், ஓட்டியவர். அந்தக் கைப்பிடியையும் பளுதூக்கியின் நெம்புகோலைப் போலத்தான் பிடிப்பார், விரல் நுனியால்.

நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று அவர் முற்றத்தில் விறகு மூட்டியிருந்தார். காலையிலேயே ஆற்றுக்குப் போய் மீன் வாங்கி வந்திருக்கிறார். நல்ல துண்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மேலாக நின்ற தெளிந்த சாற்றை மட்டும் எனக்கு மொண்டு வைத்தார்.

"தண்ணி மாதிரிதான் இருக்கு பாப்பா. புண்ணுல படாம வழுக்கிட்டுப் போயிரும்."

எனக்குத் தெரியும், அது போகக் கூடாத வழியில் போகும் என்று. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். மூன்றாவது வாயில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. மறுபடியும் மருத்துவமனை, காய்ச்சல், மூக்கு வழியாகக் குழாய். திரும்பி வந்தபோது கொப்பரை கழுவிக் கவிழ்க்கப்பட்டு, விறகுக் கொட்டகையின் ஆணியில் தொங்கியது. அதன் பிறகு அதை அவர் எடுக்கவில்லை.

அம்மா ஆஸ்திரியாவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். சில வாரம் அங்கே, சில வாரம் இங்கே. ஆகவே வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். நான் என் அறையில் சாப்பிடுவேன். அப்பா சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே, ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கத்தியால் நறுக்கித் தின்பார். இடையில் ஒரு சுவர். கத்தி பலகையில் படும் சத்தம் எனக்குக் கேட்கும். என் இருமல் அவருக்குக் கேட்கும்.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் சாப்பிடத் தொடங்கியதும் அவர் ரேடியோவை நிறுத்திவிடுவார். நான் முடித்துத் துணியை அலச எழுந்ததும் மறுபடி பாடும். என் சத்தம் அவருக்கு அருவருப்பாக இருக்கிறது, பாட்டோடு சேர்த்துக் கேட்கப் பிடிக்கவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, அப்படி நினைப்பது நியாயமா என்றும் நினைத்தேன். வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை. கேட்கவும் இல்லை. எனக்குப் பேச்சும் இப்போது தெளிவாக வராது. ஒரு கேள்வியைக் கேட்டு, அதையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்க வேண்டியிருக்கும் என்றால், பெரும்பாலான கேள்விகள் அதற்குத் தகுதியானவை இல்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு வர முடியாது கண்ணு. அந்த வாரம் வேற ஆள் கெடைக்கல. அப்பாகிட்ட சொல்லி சூப் வைக்கச் சொல்லு. ரெண்டு பேருமா உக்காந்து சாப்பிடுங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "ஒரு ஆளுக்காகக் கொப்பரைய எறக்கணுமா? இந்த வருஷம் சூப் கெடையாது," என்றார்.

அவர் சொன்னவிதம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை மீன் சூப் வைக்காத வீடு என்றால், யாரோ செத்த வீடு, அல்லது யாரும் இல்லாத வீடு. ஒரு ஆளுக்காக என்றார். மேசையில் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஒரு மாலையாவது அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு தட்டு சூப் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். எப்படி என்று தெரியவில்லை.

பகலில் நான் தானியக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முன்பு போன் எடுப்பவள். இப்போது போன் இல்லாத பின்னறைக்கு மாற்றியிருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடுதான். மாலையில் கணக்கியல் வகுப்பு. வகுப்பில் இடைவேளை விட்டதும் எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மேசையில் பரப்புவார்கள். உப்பு ரொட்டி, ஊறுகாய், யாருக்காவது பெயர்நாள், அதாவது அவர் பெயருக்குரிய புனிதரின் நாள், என்றால் கேக். நான் என் மசியல் டப்பாவோடு பின்பக்க மாடிப்படிக்குப் போய்விடுவேன். அங்கே விளக்கு எரியாது. கண்ணாடி பார்க்க மட்டும் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் எதெல்கா அங்கே வந்துவிட்டாள். என் பக்கத்து இருக்கைக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். செகெட் ஊரிலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவள். அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் மீன் சூப் விஷயத்தில் எப்போதும் ஆகாது.

"இங்க என்ன பண்ற? குளிரல?"

டப்பாவை மூடினேன்.

"ஏன் மூடுற, நான் என்ன பிடுங்கித் திங்கவா போறேன்? உன் நாக்குல ஆபரேஷன்னு எல்லாருக்கும் தெரியும். கேக்கத்தான் மாட்டாங்க. இந்த ஊரு ஆளுங்க சூப்பப் பத்தி மட்டும்தான் வாயத் தொறப்பாங்க." படியில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள். "நீ திங்கிறது என்ன?"

"உருளைக்கிழங்கு."

"நேத்து?"

"உருளைக்கிழங்கு."

"ஐயோ பாவம்." பிளாஸ்கின் மூடியில் ஊற்றினாள். அது ஊற்றுவது போல் இல்லை, சரிந்து விழுந்தது. செங்கல் நிறம், கூழ் மாதிரி. "எங்க ஊரு மீன் சூப். பயப்படாத, பொயாப் பொண்ணு இதக் குடிச்சான்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"முள்ளு?"

"சின்ன மீனு, தலை, வெங்காயம் எல்லாத்தையும் வேகவச்சு ரெண்டு தடவ சல்லடையில தேய்ச்சது. முள்ளு எங்கருந்து வரும்? உங்க சூப்பு மாதிரியா, செவப்புத் தண்ணியில வாலு நீச்சலடிக்க?"

நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

"நான் பாக்கட்டுமா, திரும்பிக்கட்டுமா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"திரும்பு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு உப்பு ரொட்டியைக் கடித்தபடி கணக்கு வாத்தியார் போட்டுவரும் கோட்டைப் பற்றிப் பேசினாள். நான் தலையைச் சாய்த்து, மூச்சை நிறுத்தி, விழுங்கினேன். இருமினேன். மறுபடி விழுங்கினேன். அது கனமாக, தன் வழி தெரிந்தது போல் இறங்கியது. இடது பக்க நாக்கில் மீனும் மிளகாயும் தெரிந்தன. காரம் சுட்டது, ஆனால் அது ருசியின் சூடு. வசந்த காலத்துக்குப் பிறகு உருளைக்கிழங்கு அல்லாத ஒன்று.

"உயிரோட இருக்கியா?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

"இருக்கேன்."

"அப்ப மிச்சத்தையும் காலி பண்ணு. பிளாஸ்க் கழுவுறது எனக்குப் பிடிக்காது."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் இருந்தது. வாசலுக்கு வந்தபோது பயமாகிவிட்டது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்த வருஷம் சூப் வைப்பா. நானும் சாப்பிடுறேன்."

கத்தி நின்றது. "வேண்டாம் பாப்பா. ஒரு தடவ பட்டது போதும்."

"தண்ணியா இருந்தாத்தான் போகாது. கெட்டியா இருந்தா போகும்."

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பிறகு, "சல்லடையில தேய்ச்சு, செகெட் மாதிரி," என்றேன். அது அவருக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

"சல்லடையா?"

"ஆமா."

"எங்கப்பா ஒரு கல்யாணத்துல ஒருத்தன வெளிய போடான்னு அனுப்பினாரு, தெரியுமா? கொப்பரையில கரண்டிய விட்டான்னு. வெறும் கரண்டி." ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மீனைப் போயி சல்லடையில தேய்க்கிறதாம். பல்லு போனவன் திங்கிறது அது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். காது சிவந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். நறுக்கிய ரொட்டி பலகையிலேயே கிடந்தது. கோபமாகப் போனார் என்று முதலில் எழுதினேன். கோபமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் கதவை மூடிச் சாப்பிட்டேன். அவர் ரேடியோவை நிறுத்தினார். நான் எழுந்தேன். ரேடியோ பாடியது. கேட்காமலே இருந்திருக்கலாம். அவரிடம் ஒரு சூப்தான் இருந்தது, அதிலும் கைவைத்துவிட்டேன் என்று தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் முற்றத்தில் புகை வாசம் வந்தது. ஜன்னலில் பார்த்தால் கொப்பரை முக்காலியில் தொங்குகிறது. அப்பா தொப்பியோடு நிற்கிறார். பக்கத்து வீடுகளிலும் புகை. வேலிக்கு அந்தப் பக்கம் காஷ்பார் மாமாவும் தன் கொப்பரையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஆக, தனக்கு மட்டுமாவது வைக்கிறார். அது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உருளைக்கிழங்கு உரிக்கச் சமையலறைக்குப் போனேன்.

அடுப்பில் ஏற்கனவே ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. சின்ன மீன்கள், கெண்டைத் தலை, நிறைய வெங்காயம். நான் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கோட்டுக்குள் கைவிட்டு ஒரு பையை எடுத்தார். அதில் புதுச் சல்லடை, கம்பியில் கடைச் சீட்டு இன்னும் தொங்கியது.

"பக்கத்து ஊருக்கு பஸ்ஸுல போயி வாங்கினேன். இங்க வாங்கினா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்." சல்லடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம் மேல?"

"குழி மேல."

"அது தெரியும்."

அவருக்குத் தெரியவில்லை. கரண்டியால் ஓங்கி அழுத்தினார், பாதி மேசையில் தெறித்தது. பளுதூக்கியை விரல் நுனியால் ஓட்டியவர், ஒரு மீன் தலையோடு மல்லுக்கட்டினார். நான் சல்லடையைப் பிடித்துக்கொண்டேன், அவர் தேய்த்தார். கெட்டியாக, சிவப்பாக, கீழே சொட்டத் தொடங்கியது.

அப்போது வெளிக்கதவு தட்டப்பட்டது.

"ஒடொன், என்னய்யா கதவெல்லாம் சாத்திக் கெடக்கு? பொண்ணு கிண்ணு கூட்டிட்டு வந்துட்டியா?" காஷ்பார் மாமா. இந்த நாளில் பழச்சாராயப் பாட்டிலோடு வருவது அவர் வழக்கம்.

அப்பா சல்லடையை அப்படியே தூக்கி ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்து மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு கதவைப் பாதி மட்டும் திறந்தார்.

"உனக்கு ஒரு பரிசு வாங்கியிருக்கேன், ஒளிச்சு வச்சிட்டு இருக்கேன்."

"உன் பரிசு எனக்கு வேண்டாம், போன வருஷ சாக்ஸே இன்னும் கிழியல." மூக்கை உறிஞ்சினார். "கொப்பரை வெளியில இருக்கு. உள்ள என்ன மீன் வாசம்?"

"பூனைக்கு."

"உனக்குப் பூனை எப்ப வந்துச்சு?"

"இன்னிக்குக் காலையில."

காஷ்பார் மாமா அப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார், தெறித்திருந்த சிவப்புக் கூழை. 

"சரி," என்றார். "பூனைக்கு முள்ளு பாத்துக் குடு." பாட்டிலை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார்.

அப்பா அந்த அடுப்பைத் திறந்தார். மொத்தத்தையும் இரண்டாம் முறை தேய்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்து, சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கூழுக்குள் விரல்களை விட்டு அடிவரை துழாவினார். கண்ணை மூடிக்கொண்டு செய்தார். ஒரு மெல்லிய முள் கிடைத்தது. அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து துழாவினார். காரமில்லாத மிளகாய்த் தூள் போட்டுச் சுடவைத்தார். ஒரு சொட்டு ருசி பார்த்தார்.

"கஞ்சி," என்றார்.

மேசையில் இரண்டு தட்டுகள். அவருடையதில் தெளிந்த சிவப்பு, சேமியா, தனித் தட்டில் கெண்டை. என்னுடையதில் செங்கல் நிறக் கூழ். கைக்கண்ணாடியையும் துணியையும் எடுத்துவந்தேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"மேல வை," என்றார் அப்பா. முட்கரண்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். எழுந்துபோய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தார்.

முதல் கரண்டியை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை மறந்துவிட்டது. வாயில் சூப் இருக்கிறது, தலையைச் சாய்த்துவிட்டேனா, மூச்சை இழுத்தேனா, ஒன்றும் ஞாபகம் இல்லை. மருத்துவமனைப் படுக்கை ஞாபகம் வந்தது. அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தேன்.

"சாய்ச்சாச்சு," என்றார் அப்பா. "இப்ப மூச்ச இழு. நிறுத்து."

நிறுத்தினேன்.

"முழுங்கு. இப்ப இருமு. விடாத, இன்னொண்ணு முழுங்கு. ம். இப்ப விடு."

விட்டேன். இறங்கிவிட்டது.

நான் அவருக்கு இதைச் சொன்னதே இல்லை. மருத்துவமனையில் பயிற்சியின்போது அவர் கூட இருந்ததும் இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் தன் தட்டில் இருந்த முள்ளை ஓரமாக ஒதுக்கினார். "சுவர்தானே நடுவுல. அந்த ரெண்டாவது முழுங்கு கேக்குற வரைக்கும் எனக்கு ரொட்டி எறங்காது. பாட்டு போட்டிருந்தா அது கேக்காது."

 நான் அடுத்த கரண்டியை எடுத்தேன். இத்தனை மாதமும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் இந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டதும் தனிமை குறைந்ததா? குறைந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பேருடைய தனிமையும் சேர்ந்து என் மேல் இறங்கியது போல்தான் இருந்தது.

அவர் தட்டு வெகு சீக்கிரம் காலியாகிவிட்டது. என்னுடையது பாதிகூடக் குறையவில்லை. வெளியே காஷ்பார் மாமா வீட்டில் பாடத் தொடங்கினார்கள். என் சூப் ஆறி மேலே ஆடை கட்டியது. அப்பா எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார். பிறகு இன்னொரு முறையும் கொண்டுபோனார். நான் மூச்சை நிறுத்தும்போதெல்லாம் அவரும் நிறுத்துகிறார் என்பதைக் கவனித்தேன். நான் விட்டதும் அவர் தோள் இறங்கும். நடுவில் கண்ணாடியை எடுத்து வாயைத் திறந்து பார்த்தேன். வலது பக்கம், கையின் தோல் மேல், சிவப்பாக ஒட்டியிருந்தது. துணியால் வழித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டில் பாட்டு முடிந்து கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. நான் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்து மூச்சு வாங்கினேன்.

"ரேடியோ போடவா?" என்றார் அப்பா.

தட்டைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."

எழப்போனவர் மறுபடி உட்கார்ந்தார்.